என் பைக்கில் ஒட்டியிருந்த கலர்

இன்று எங்கள் சமுதாயக் கல்லூரியில் சமத்துவம் பற்றித் தொண்டை கட்டும் அளவுக்கு முழங்கினேன்.

"கலர் கலரா சாதிக் கயிறு கட்டுதது அசிங்கம். எல்லாரும் இப்பவே அவுத்துருங்க."

அவிழ்த்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டி ஸ்டாண்டு வரை ஒரு மாணவி கூடவே வந்தாள்.

"சார், உங்க பைக்குல ஒட்டியிருக்க ஸ்டிக்கரும் சாதிக் கலர்தான?"

"அது நான் ஒட்டலம்மா. என் மச்சினன் ஒட்டினது."

"என் கயித்தயும் எங்க மாமாதான் சார் கட்டிவிட்டாக."

அங்கேயே குனிந்து நகத்தால் சுரண்டினேன். அவள் திருவேங்கடம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

கலர் உரிந்துவிட்டது. பசை மட்டும் அதே வடிவத்தில் அப்படியே இருக்கிறது.

மண்ணெண்ணெய் போட்டால் போகுமா மக்கா? சுரண்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.