வராதவர்கள் பட்டியல் காணாமல் போன நாள்

1. திரையில் ஒன்றும் இல்லை

எல்எஸ் என்று அடித்தேன். டைரக்டரியில் இருக்கும் ஃபைல்களை வரிசையாகக் காட்டுகிற கட்டளை அது. ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன், இரண்டே எழுத்தில் தப்புப் பண்ணியிருப்பேன் என்பதுபோல. கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

காலை பதினொன்றரை மணி. அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஹைவே ஓரமாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரி. எனக்கு இருபத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துச் சேர்ந்து ஐந்து மாதம். அந்த யூனிக்ஸ் மெஷினில் இருந்தது ஒரே ஒரு முக்கியமான ஃபைல்: டிபி நோயாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர், ஊர், அடுத்து மருந்து வாங்க வரவேண்டிய தேதி.

ஒவ்வொரு நாளும் அதிலிருந்து ஒரு பட்டியல் எடுப்பேன். நேற்று வரவேண்டியவர்களில் யார் வரவில்லை என்று அது சொல்லும். ஹெல்த் விசிட்டர் மாதையண்ணன் அதை வாங்கிக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். தீர்த்தமலை வரைக்கும்கூடப் போய் ஆளைக் கூட்டிவருவார். டிபி மருந்தை நடுவில் விட்டால் நோய் முன்னைவிட முரடாகத் திரும்பும். அதனால்தான் அந்தப் பட்டியல்.

மாதையண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மேடம், இன்னுமா லிஸ்ட்டு வரல? வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டு நிக்கறன்."

"லிஸ்ட்டு இல்லீங்கண்ணா."

"இல்லியா? அத்தன பேரும் வந்துட்டாங்களா! அட, நல்லதாப் போச்சு."

"ஃபைலே இல்லீங்கண்ணா. அழிஞ்சுபோச்சு."

அவர் சிரித்தார். "வெளையாடாதீங்க. நீங்கதான சொன்னீங்க, நோட்டுன்னா கிழியும், கரையான் திங்கும், இதுல போட்டா ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாதுன்னு?"

சொன்னது நான்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால், தேதிகளைக் கையால் எழுதிவந்த அந்த நோட்டை நிறுத்தவைத்ததும் நான்தான். இரண்டு இடத்தில் எழுதினால் தப்பு வரும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். நோயாளிகள் கையில் ஆளுக்கொரு கார்டு உண்டு. வருகிறவர் கார்டைக் காட்டுவார், தேதி தெரிந்துவிடும். வராதவரின் தேதி என் மெஷினில் மட்டுமே இருந்தது.

2. பஸ்ஸில் வரும் நியூஸ்

எப்படி அழிந்தது என்று சொல்வதற்கு முன் நியூஸ்குரூப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ யூனிக்ஸ் மெஷின் முன்னால் இருப்பவர்கள் ஒரு கேள்வியை எழுதிப் போடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலுக்கு வேறொருவர் மறுப்பு எழுதுவார். இப்படிப் போடுகிற ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை, மொத்தமும் சேர்ந்தது நியூஸ்; எல்லாம் போன் லைனில் மெஷின் விட்டு மெஷின் தாவிப் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் போன் லைனில் பேசினாலே கேட்காது. ஆகவே பெங்களூரில் ஒரு கல்வி நிலையத்தில் இருந்த என் சீனியர் கோபி, ஒரு வாரத்து நியூஸை கார்ட்ரிட்ஜ் டேப்பில் இறக்கி தர்மபுரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு இன்னொரு டேப்பைத் திருப்பிக் கொடுப்பேன். முதல் டேப் வந்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். கரண்ட் நின்றால் ஃபைல் கெடாமல் இருக்க என்ன செய்வது என்று யாரோ நார்வேயில் கேட்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் பதில் சொல்கிறார். அது எனக்கே எழுதியதுபோல் இருக்கிறது! வெறி பிடித்தாற்போலப் படித்தேன்.

அன்று காலையும் புது டேப் வந்திருந்தது. டிஸ்க் நிரம்பி மெஷின் தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். தற்காலிகக் குப்பை ஃபைல்களைத் துடைக்கும் ஏழு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை, மெஷின் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற கட்டளைத் தொகுப்பை, ஒருவர் போட்டிருந்தார். அழகான ஏழு வரி. அப்படியே எடுத்து ஓட்டினேன்.

டாக்டர் சிஸ்டர் வந்து நின்றார். கன்னியாஸ்திரி, டாக்டர், ஆஸ்பத்திரித் தலைவர் எல்லாம் அவர்தான். மாதையண்ணன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"பேக்கப் இருக்குமில்ல? ரெண்டு டேப்பு வாங்கிக் குடுத்தனே."

"ஒண்ணு பெங்களூர்ல இருக்குங்க சிஸ்டர்."

"இன்னொண்ணு?"

"இன்னைக்குத்தான் பெங்களூர்ல இருந்து வந்துச்சு."

"அதுல நம்ம ஃபைல் இருக்கா?"

"இல்லீங்க சிஸ்டர். அதுல நியூஸ் இருக்கு."

"என்ன நியூஸு? அதான் பேப்பர்ல வருதே!"

எட்டு வாரமாக நான் பேக்கப்பே எடுக்கவில்லை. பேக்கப்புக்காக வாங்கிய இரண்டு டேப்பும் உலகத்தார் பேச்சைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தன. அந்த நிமிடம் வரை அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை.

சிஸ்டர் திட்டவில்லை. "சரி, இன்னைக்கு வந்திருக்கறவங்க கார்டையாவது வாங்கி இப்பவே டைப் பண்ணிரு. இருக்கறவங்களாவது மிஞ்சட்டும்," என்றார். நியாயமாகத்தான் பட்டது. கீபோர்டில் கை வைத்தேன். அதற்குள், அந்த ஏழு வரி ஏன் இப்படிச் செய்தது என்று ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

3. நூற்றுச் சொச்சம் கட்டுரைக்குக் கீழே

நோயாளிகள் ஃபைல் இருந்தது டிஸ்கின் ஒரு பகுதியில். நியூஸ் இருந்தது வேறு பகுதியில். அதனால் நியூஸ் பிழைத்திருந்தது. அந்த ஸ்கிரிப்ட்டின் தலைப்பைக் கொடுத்துத் தேடினேன். நான்கு பதில்கள் வந்து விழுந்தன. வேறு விஷயங்களுக்கு நடுவே, நூற்றுச் சொச்சம் கட்டுரை தள்ளி.

முதல் பதில்: இதை ஓட்டாதீர்கள். இரண்டாவது: யாரும் ஓட்டாதீர்கள், குப்பை டைரக்டரியின் பெயரை முன்கூட்டியே மெஷினுக்குச் சொல்லி வைக்காவிட்டால் இது உங்கள் சொந்த டைரக்டரிக்குப் போய் அங்கே இருப்பதைத் துடைத்துவிடும். மூன்றாவது, ஸ்கிரிப்ட் எழுதியவரே கேட்ட மன்னிப்பு.

எல்லாம் அதே டேப்பில். காலையில் நான் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்த அதே டேப்பில்! உலகமே கத்தியிருக்கிறது. நான் முதல் பக்கத்தோடு எழுந்து போயிருக்கிறேன்.

நான்காவது பதில் அதே விபத்தில் மாட்டிய ஒருவருடையது. அழிந்த ஃபைலின் எழுத்துகள் டிஸ்கை விட்டு உடனே போவதில்லை, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும், ஆகவே அந்தப் பகுதியில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள் என்று இருந்தது. கீபோர்டிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"சிஸ்டர், டைப் பண்ணக் கூடாதுங்க. பண்ணா மிச்சமும் போயிரும்."

"இப்ப என்னதான் பண்றது?"

"இந்த ஆளு சொல்றாருங்க."

"எந்த ஆளு?"

"தெரியலீங்க. ஏதோ கனடாவாம்."

சிஸ்டர் மாதையண்ணனைப் பார்த்தார். மாதையண்ணன் கூரையைப் பார்த்தார்.

கனடாக்காரர் சொன்ன முறை இது. டிஸ்கை ஃபைல் ஃபைலாகப் பார்க்காமல் டிடி என்ற கட்டளையால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பச்சையாகப் படிக்க வேண்டும். அதை ஸ்ட்ரிங்ஸ் என்ற புரோகிராமுக்குக் கொடுத்தால் படிக்க முடிகிற எழுத்தை மட்டும் வடித்துத் தரும். அதை கிரெப்பில் விட்டு வேண்டிய வரியைப் பொறுக்கலாம். எங்கள் வரிகள் எல்லாமே டிபி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், பின்னால் ஒரு எண். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்.

கிடைப்பதை வைக்க அந்தப் பகுதிக்கு வெளியே இடம் வேண்டும்; இருந்தது நியூஸ் கிடந்த பகுதி மட்டும்தான். அந்த ஒரு பதிலைப் பேப்பரில் எழுதிக்கொண்டேன். அந்த வாரம் வந்த நியூஸ் மொத்தத்தையும், தலைப்புகூடப் பார்க்காதவை உட்பட, அழித்தேன். யோசிக்கவே இல்லை.

4. பிரிண்டர் முன்னால்

இரண்டு மணி நேரம் டிஸ்க் முனகியது. பிறகு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச்சிட்டது. முதல் பெயர் வந்தது. அடுத்தது. மாதையண்ணன் தாளைப் பிடித்து இழுக்காத குறை.

"அட, முனியம்மா! பென்னாகரத்துக்காரம்மா! ஏங்க, இந்தப் பொட்டி செத்தும் பேசுதே!"

ஆனால் ஒரே ஆள் நாலு முறை வந்தார், நாலு தேதியோடு. ஃபைலைத் திருத்தித் திருத்திச் சேமித்த பழைய பிரதிகள் எல்லாம் டிஸ்கில் கிடந்திருக்கின்றன. கடைசித் தேதிதான் சரி என்று நான் டிக் அடிக்கப் போனேன்.

"இருங்க இருங்க. இந்தாளு தேதி தப்பாப் போட்டுப் பொறகு திருத்துனமே? முன்னாடி இருக்கற தேதிதான் சரி. போன வாரம் அவரு வூட்டுக்கே போனன்."

மாலை ஐந்தரை வரைக்கும் அவர் சொல்ல நான் டிக் அடித்தேன். நானூற்று ஒன்பது பேர் கிடைத்தார்கள். மூன்று வரிகள் பாதியில் அறுந்திருந்தன. மூவரில் இருவர் மறுவாரம் தாங்களாகவே கார்டோடு வந்தார்கள்.

5. புதிதாகச் சேருகிறவர்களுக்கு

இந்த அறைக்கு இப்போது கலர் திரை வரப்போகிறது, மெனு வரப்போகிறது, இந்தப் பழைய கட்டளைகள் எதற்கு என்று கேட்கிறீர்கள். ஒன்று சொல்கிறேன். டிடி, ஸ்ட்ரிங்ஸ், கிரெப் மூன்றும் ஆளுக்கு ஒரு வேலைதான் செய்யும். மூன்றையும் யார் வேண்டுமானாலும் கோக்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். ஃபைல் வெறும் டெக்ஸ்ட்டாக இருந்ததால்தான் வரியைப் பொறுக்க முடிந்தது. என்ன மெஷின் வந்தாலும் இது மாறாது. நியூஸ்குரூப் வேறு உருவில் வரலாம், வழக்கம் அதேதான்: ஒருவன் தப்பாகச் சொல்வான், இன்னொருவன் உடனே திருத்துவான், மூன்றாமவன் வழி சொல்வான். மூவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். முதல் ஆளை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகிறவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூன்றாவது அறுந்த வரியைச் சொல்லவில்லை. நோட்டை நிறுத்திய பிறகு கொடுத்த எண் அது; அதற்குப் பின்னால் பெயர் இருந்த இடம் முழுக்கச் சிதைந்து, பாப்பாரப்பட்டி என்ற ஊர்ப்பெயரின் முன்பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. மாதையண்ணன் நாலு நாள் அந்தப் பக்கம் சுற்றினார்.

"அந்தப் பக்கம் எத்தனையோ வூட்டுக்குப் போயிருக்கன், இது அதுல யாருன்னு தெரியல. பாதி ஊரு பேர வெச்சுக்கிட்டு ஆள எப்பிடிங்க தேடறது? உங்க வூட்டுல டிபியான்னு வாசல்ல நின்னு கேட்டா அடிக்க வராங்க. பொண்ணு குடுக்கல் வாங்கல் இருக்குல்ல."

பத்தொன்பது நாள் கழித்து அந்த அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிஸ்டர் கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏம்மா இத்தன நாளு வரல? நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சொன்னனே."

"முன்ன ஒரு தடவ வராம போனப்ப, அடுத்த நாளே இந்த அண்ணன் வூட்டுக்கு வந்துட்டாருங்க. இந்தத் தடவ யாரும் வரலீங்களே. அப்ப எனக்கு நல்லாயிடுச்சு போலன்னு இருந்துட்டனுங்க."

மாதையண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் மருந்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சிஸ்டர் கார்டில் எழுதினார். நான் அந்தப் பெயரை மெஷினில் அடித்தேன். பிறகு புது நோட்டைத் திறந்து, பேனாவால், அதே பெயரை இன்னொரு முறை எழுதினேன்.