வெர்னாவின் வெள்ளைக் காலுறை

மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் வானத்துக்குத் தூக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருக்கிறாள் வெர்னா. வயது ஐம்பத்தாறு. உடம்பில் வேட்டைக்காரர்கள் போட வேண்டுமென்று சட்டம் சொல்கிற ஆரஞ்சு நிறச் சட்டை, முழங்கால்வரை கணவனின் வெள்ளைக் கம்பளிக் காலுறை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மான் வேட்டை திறக்கும் நாள். சூரியன் கிளம்பி அரைமணி ஆகியும் புல்லில் உறைபனி அப்படியே கிடக்கிறது. பத்தடி தள்ளி முழங்கால் உயரப் புதரை ஒட்டிக் குப்புறக் கிடக்கும் கணவன் லைல், இந்தக் கூத்தை யாராவது பார்த்துத் தொலைப்பார்களோ என்று சாலைப் பக்கமே கண்ணாக இருக்கிறான்.

“சாலையை ஏன்யா பாக்கற? மான் வந்தா சொல்லு” என்கிறாள் கீழிருந்து.

அவளுடைய கணக்கு எளிமையானது. எங்கள் வயோமிங் சமவெளியில் மரம் கிடையாது, மறைவு கிடையாது. கவைக்கொம்பு மானுக்கு இரண்டு மைல் தொலைவிலேயே ஆள் தெரிந்துவிடும். ஊர் ஆண்கள் வயிற்றால் ஊர்ந்து, முழங்கை தேய்ந்து, கடைசியில் மானின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். வெர்னா ஊர்வதில்லை. “நாம எதுக்கு அதுகிட்ட போகணும்? அது வரட்டுமே! இந்த மான் இருக்கே, உலகத்துலயே பெரிய வம்பு புடிச்ச ஜென்மம். ஓடத்தான் ஓடும். ஆனா என்ன ஏதுன்னு பாக்காம அதுக்குத் தூக்கம் வராது. நம்ம ஊர்க்காரங்க மாதிரியேதான்” என்பாள்.

பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகளை எண்ணி முடிக்காமல் வண்டியை நகர்த்தியதே இல்லை. அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வரும். தேவாலயத்தில் தலைகளை எண்ணுவாள், கடை வாசலில் வண்டிகளை எண்ணுவாள், வீட்டில் கோழிகளைப் பெயர் சொல்லியே எண்ணுவாள். மற்ற நேரமெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்பு. எண்ணும்போது மட்டும் முகம் நீதிபதி முகம்தான். போன குளிர்காலத்தில் ஒரு பயல் மேலங்கிக்குள் ஆட்டுக்குட்டியை ஒளித்துக்கொண்டு ஏறினான். அதையும் சேர்த்துப் பதினாறு என்று எண்ணி, வண்டியைக் கிளப்பி, அடுத்த திருப்பம் தாண்டிய பிறகுதான் வெடித்துச் சிரித்தாள்.

வேட்டையில் அவளுக்குச் சத்துரு அந்தச் சிரிப்புதான். கால் வித்தையை நம்பி மூன்று தடவை மான் வந்திருக்கிறது. நல்ல கிட்டத்தில் வந்து, கழுத்தை நீட்டி, “இது என்னடா கொடுமை” என்பதுபோல் முறைத்துப் பார்க்கும். அந்த மூஞ்சியைத் துப்பாக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் வயிற்றில் ஒன்று கிளம்பும் அவளுக்கு. தோள் குலுங்கும், துப்பாக்கி குலுங்கும். “குலுங்குற கையால சுட்டா மான் பாதி உயிரோட ஓடிரும். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?” என்று துப்பாக்கியைப் பூட்டிக் கீழே வைத்துவிடுவாள். மான் அவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு ஓடிவிடும். பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

வேட்டை திறந்த அன்று மாலை எங்கள் ஊர் தீயணைப்புக் கொட்டகையில் விருந்து. முதல் மானோடு வந்தவர் அதன் ஈரலைப் பெரிய இரும்புச் சட்டியில் தன் கையாலேயே வறுத்து எல்லோருக்கும் போட வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்கள் வெங்காயம் உரிக்க வேண்டும். பதினோரு வருடமும் வெர்னா வெங்காயம் உரித்தாள். போன வருடம் லைலின் தம்பி ஓரின், வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, “அண்ணி, நீங்க காலைத் தூக்கி ஆட்டுனா மான் வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்” என்றான். கொட்டகையே அதிர்ந்தது. வெர்னாவும்தான் சிரித்தாள். சிரித்தவாறே கத்தியைக் கீழே வைத்து, “அடுத்த வருஷமும் வெறுங்கையோட வந்தேன்னா, இனிமே வேட்டை அனுமதிச் சீட்டுக்கு எழுதியே போடமாட்டேன். போதுமாடா?” என்றாள்.

சொன்னால் சொன்னதுதான் அவள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் அழுதாள். வெங்காயம் என்று சொன்னாள். லைல் நம்பவில்லை.

ஆகவே இன்றைக்கு இந்தக் கால்கள் சும்மா ஆடவில்லை. மாலை விருந்துக்குள் மான் கிடைக்காவிட்டால் மறுபடி வெங்காயம். அதோடு வேட்டை முடிந்தது, ஒரேயடியாக.

“வெர்னா” என்றான் லைல் மெல்ல. “வருது.”

மேட்டின்மேல் புள்ளி புள்ளியாய்த் தெரிந்தவை கால் முளைத்து இறங்கின. கொஞ்சம் ஓடி வரும், நிற்கும், மூக்கால் ஊதும், தரையை உதைக்கும், போகிற மாதிரி திரும்பும். பிறகு மனசு கேட்காமல் மறுபடி நாலு எட்டு வைக்கும். நூற்றைம்பது கஜத்தில் வந்து வரிசையாக நின்றன. வெர்னா காலை இறக்கி மெல்லக் குப்புறப் புரண்டாள். புரண்ட இடத்தில் சப்பாத்திக் கள்ளி. தொடையில் ஏழெட்டு முள் ஒரேயடியாக ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியில் கண்ணை வைத்தாள். ஒரு பெட்டை மான் தலையைச் சாய்த்து, வாயைக் கோணி, அந்த வெள்ளைக் கால்கள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருந்தது.

“ஐயோ லைல்! சிரிப்பு வந்துருச்சுய்யா, வயித்துல கிளம்பிருச்சு!”

தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணில் நீர் கோத்தது. போச்சு, இந்த வருடமும் போச்சு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. துப்பாக்கியைப் பூட்டக் கை போனது.

லைல் அதிகம் பேசாதவன். முப்பது வருடம் அவளோடு குப்பை கொட்டியவன். “எண்ணு” என்றான். “புள்ளைங்களை எண்ணு வெர்னா.”

அவள் மூச்சை இழுத்தாள். “ஒண்ணு.” குரல் ஆடியது. “ரெண்டு. மூணு. ஏய், முன்னாடி வராத, நில்லு. நாலு. அஞ்சு.” தோள் நின்றுவிட்டது. “ஆறு. ஏழு. எட்டு.” வரிசையில் சேராமல் ஓரமாக நின்றது கறுத்த கொம்புள்ள கிடா. அதன் பின்னால் வெறும் மண்மேடு, குண்டு தவறினாலும் மண்ணில்தான் போகும். “நீதானா அது? தினம் ஒருத்தன் இப்படி வரிசைல சேராம இருப்பான்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. “ஒம்போது.”

கிடா நின்ற இடத்திலேயே விழுந்தது.

அப்புறம் நடந்ததை லைல் இன்றுவரை சரியாகச் சொல்வதில்லை. அவள் எழுந்து ஓடினாள், பாதி வழியில் சிரித்தாள், மீதி வழியில் அழுதாள், கிடாவின் அருகே போய் மண்டியிட்டதும் இரண்டும் நின்றன. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மானோடு கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டில் அன்றைய தேதியைக் கிழித்தெடுத்துக் கையெழுத்துப் போட்டாள். இறைச்சியைப் பனிக்கட்டியில் புதைத்தபின், வண்டியின் பின்பலகைமேல் அவளை மல்லாக்கப் படுக்க வைத்துக் குறடால் முள்ளைப் பிடுங்கினான் லைல். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கத்தல், ஒரு சிரிப்பு.

அன்று மாலை கொட்டகையில் இரும்புச் சட்டியின் முன் நின்றாள். ஈரல் சுருசுருத்தது, பன்றிக் கொழுப்பு மணத்தது. அவள் நிலைகொள்ளாமல் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மூலையில் ஓரின். காலையில் இரண்டு குண்டை வீணடித்தவன், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. சுட்டது அண்ணன்தானே?”

“நான் முள்ளுதான் எடுத்தேன்” என்றான் லைல்.

“சரி, நீங்களே சுட்டீங்கன்னு வைங்க. அந்தக் கால் வித்தைக்கா வந்துச்சு? கண்ணால பாத்தாலும் நம்பமாட்டேன். புத்தி உள்ள எந்தப் பிராணி அண்ணி அதைப் பாக்க வரும்?”

வெர்னா சட்டியை விட்டு விலகினாள். கரண்டியை லைல் கையில் கொடுத்தாள். மேலங்கியைக் கழற்றாமல், சிமென்ட் தரையில் அப்படியே மல்லாந்து படுத்தாள். வெள்ளைக் காலுறைகள் இரண்டும் மேசைக்கு மேலே எழும்பி ஆடத் தொடங்கின.

பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் தட்டோடு எழுந்து வந்தார், இன்னொருவர் கழுத்தை நீட்டினார், வாசலில் புகை பிடித்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துக் கிட்டத்தில் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து நின்றான் ஓரின்.

வெர்னா காலை ஆட்டுவதை நிறுத்தாமல், படுத்த வாக்கிலேயே விரலை அவன் பக்கம் நீட்டினாள்.

“ஒண்ணு.”