சதம் பாக்கியில்லாமல் கட்டியவள்

கொட்டகலைக் கடைத்தெருவில் சாமான் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதில்லை. கல்யாணமாகி இந்த இலங்கை மலைக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு, "எழுதிக்கங்க முதலாளி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மகாராணி மாதிரி நடந்து போகிறார்கள். சம்பள நாளன்று வந்து கட்டுகிறார்கள். அதையும் முழுசாகக் கட்டுவதில்லை. கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டு, அடுத்த மாதத்துச் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

துறையூர்ப் பக்கத்தில் இருக்கிற நம் ஆட்களுக்கு கடன் என்றாலே பயம். எனக்கும் அப்படித்தான். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்தியதும், அப்பா கொல்லைப் பக்கமாக நழுவியதும், உழவு மாடு இரண்டும் கைமாறிப் போனதும் நான் கண்ணால் கண்டவை. அன்றைக்கு அம்மா அடுப்பு மூட்டவில்லை. இங்கேயோ, கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், "நமக்கும் பியதாச முதலாளி கடைப் பற்றுக் கணக்குல பேரு இருக்கு புள்ள" என்று பெருமையடித்துக்கொள்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனாலும் அந்தப் பேரை நான் கெடுக்கவில்லை. கையில் காசிருந்தால் எதை வாங்குவேனோ அதை மட்டும் பற்றில் வாங்கினேன். தீபாவளி வந்தால் பட்டுச்சேலையைப் பற்றில் எடுத்துவிட்டு, அடுத்த தீபாவளி வரை விழி பிதுங்கியவர்கள், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். வேலை குறைந்த மாதத்தில், முதலாளி கேட்கும் முன்னே நானே போய், "இந்த மாசம் பாதிதான் முடியும்" என்று சொல்லிவிடுவேன். முதலாளி சிங்களவர். என்னை 'நங்கி' என்பார். அவர்கள் பாஷையில் தங்கச்சி. "முன்னாடியே சொன்னா சரிதானே நங்கி" என்று சிரிப்பார்.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தேயிலைக் கொழுந்து பறித்த காசையும், கையால் ரவிக்கை தைத்த காசையும் சேர்த்து, ஒரு சம்பள நாளில் ஒரு சதம்கூட, நம்மூர்க் கணக்கில் ஒரு பைசாகூட, பாக்கியில்லாமல் கட்டினேன். "எங்க பேரை அடிச்சிருங்க முதலாளி" என்றேன். அவர் முகம் ஏனோ வாடிவிட்டது. ஒரு கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "அம்மா, அப்பா எல்லாம் சுகமா?" என்று விசாரித்தார். என் நாணயத்தை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தரையில் கால் பாவாமல் வீடு வந்தேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இழுப்பு வந்தது. பனியில் நின்று கொழுந்து பறித்தால் ஆள் தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? ஒரு தையல் மிஷின் இருந்தால் பிழைத்துக்கொள்வேன். பக்கத்து டவுன் அட்டனிலிருந்து வரும் மிஷின் ஏஜெண்ட், தவணைக்குத் தருவதாகச் சொன்னார். கடைத்தெருவில் எங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தவர், ஆளே மாறியிருந்தார்.

"நீங்க இந்தியாவுக்குப் போறீங்களாமே. தோட்டத்துல பல பேரு போறாங்களே, அது மாதிரி நீங்களும் மிஷினோட கப்பல் ஏறிட்டா நான் எங்க போய்த் தேடுறது?"

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது. நேரே கடைக்குப் போனேன். "நாங்க போறதா யாரு சொன்னா முதலாளி?"

"யாரும் சொல்லணுமா நங்கி? பேரை அடிக்கச் சொன்னீங்க தானே. இந்தியாவுக்குப் போறவங்கதான் சதம் விடாம கட்டுவாங்க. இருக்கிறவங்க கொஞ்சம் வச்சிட்டுப் போவாங்க. அப்பதானே திரும்பி வருவாங்க."

"வாங்குனதைக் கட்டுனது ஒரு குத்தமா?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிப்போனார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, என்னோடு லயத்துக்கே ஏறி வந்தார். ஏஜெண்ட் இன்னும் எங்கள் வாசலில்தான் இருந்தார். "நான்தான் தப்பா நினைச்சிட்டேன் தம்பி. இத்தனை வருஷத்துல இவங்க சொன்ன நாள் தப்பினதே இல்ல. காசு இல்லாத மாசம்கூட வந்து முகத்தைக் காட்டிட்டுப் போன ஆளுங்க" என்று ஏஜெண்டிடம் சொன்னார். பெற்ற தகப்பனுக்குக் கிடைக்காத நற்பெயர், பாஷை வேறான ஒரு மனிதர் வாயால் எனக்குக் கிடைத்தது. அந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேனோ.

ஏஜெண்ட் சமாதானமாகிப் பத்திரத்தை எடுத்தார். "நிரந்தர விலாசம்?"

வீட்டுக்காரர் லயத்து நம்பரைச் சொன்னார்.

"அது தோட்டத்து வீடுங்க. வேலை போனா வீடும் போயிரும். வேற சொல்லுங்க."

என் வாயில் துறையூர்தான் வந்தது. ஏஜெண்ட் பேனாவை நிறுத்தினார். "பாத்தீங்களா, மனசு அங்கதான இருக்கு."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"என் கடை விலாசம் போடுங்க தம்பி. இவங்களுக்கு எது வந்தாலும் அங்க வரட்டும்" என்றார் முதலாளி.

மிஷின் வந்தது. தவணையெல்லாம் கட்டி முடித்து அது எங்கள் சொந்தமாகியும் விட்டது. இந்த மலையில் எனக்கென்று வேறு விலாசம் மட்டும் இன்னும் அமையவில்லை. துறையூரிலிருந்து கடுதாசி போடுகிறவர்கள், என் பேருக்குக் கீழே பியதாச முதலாளி பேரையும் மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் என்னிடம் வந்து சேராது.