ஹேமாவதி பெயர் போட மறுத்த பேட்ச்

சின்னமனூரில் ஹேமாவதி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், தெருவில் பாதிப் பேர் ‘கம்ப்யூட்டர்’ என்பார்கள். மீதிப் பேர் ‘வீட்டில் சும்மாதான் இருக்கு’ என்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு மற்றவர்கள் எழுதும் நிரலைப் படித்துப் பிழை பிடிப்பதுதான் அவள் வேலை. கல்யாணமாகியும் பல வருஷம் அவள் பெங்களூரிலும், புருஷன் ஈஸ்வரபாண்டி இங்கே திராட்சைத் தோட்டத்திலுமாகக் கிடந்தார்கள். போன வருஷம்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. கொடுத்தவர் டீம் லீடர் அஜய்குமார், பக்கத்து ஊரான போடிக்காரர்.

அந்த அஜய்குமார் எழுதிய பேட்ச்தான், அதாவது நிரலில் செய்த மாற்றம்தான், சரிபார்க்க இப்போது அவளிடம் வந்தது. எந்த புரோகிராம் மெமரியிலிருந்து எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று சிப்புக்குள் ஒரு கவுண்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். அது சின்னது, நிரம்பினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அதனால் பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களில் ஒன்று அதை நொடிக்கொரு தரம் பார்த்துக் கூட்டி வைக்கவேண்டும். அந்தக் கோரை அணைத்தால் வேலை இன்னொரு கோருக்குப் போகவேண்டும். நிரலைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று அஜய்குமார் அப்படிக் கைமாற்றும் வரிகளையே வழித்து எடுத்துவிட்டிருந்தார். கம்பெனியில் யாரும் கோரை அணைப்பதில்லை, சோதனையெல்லாம் பாஸ். ஹேமாவதி அணைத்துப் பார்த்தாள். மெமரியிலிருந்து டேட்டாவை வாரி இழுக்கும் புரோகிராம், பரம சாது மாதிரிக் கணக்குக் காட்டியது.

போன் போட்டுச் சொன்னாள்.

“கோரை எவன் ஆஃப் பண்ணப்போறான்? நம்ம பக்கத்துப் புள்ளைன்னுதான ஒன்னைய வீட்டுல இருந்து பாக்க விட்டேன். ரிவ்யூ பண்ணேன்னு பேரை மட்டும் போடு தாயி, அடுத்தாப்புல சரி பண்ணிக்கிறலாம்” என்றார் அவர்.

“தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்பிடிண்ணே போட?”

அவர் நினைத்தால் வீட்டிலிருந்து பார்க்கும் அனுமதியைப் பறித்துவிடலாம். திரும்பவும் ஆளுக்கொரு ஊரில் கிடக்க அவளால் ஆகாது. ஆனாலும் சோதித்த விதத்தை எழுதி, உலகமே பார்க்கும் மெயிலிங் லிஸ்ட்டில் பதிலைப் போட்டாள். கெர்னல்காரர்கள் வழக்கம் அது. காதோடு காதாகச் சொல்லி முடிக்க முடியாது.

ஒரு வாரம் போனது. பிறகு அஜய்குமாரிடமிருந்து திருத்திய பேட்ச் வந்தது. கோரை அணைத்தாலும் கணக்கு சரியாக ஓடியது. ஹேமாவதி பெயரைப் போட்டாள். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“எல்லாரும் பாக்க எழுதிப்புட்டியேன்னு கோவந்தான் வந்துச்சு. பெறகு பாத்தா, நீ சொல்லலைன்னா தப்பு அப்பிடியே உள்ள போயிருக்கும். இனிமே டீம்ல எந்தப் பேட்ச்சும் நீ பாத்துத்தான் வெளிய போகணும். பக்கத்துல இருந்தாத்தான் சரிப்படும். அடுத்த மாசம் பெங்களூரு வந்துரு, மேனேஜர்கிட்ட பேசிட்டேன்.”

போனை வைத்தவள் அழுதுவிட்டாள். தோட்டத்திலிருந்து வந்த ஈஸ்வரபாண்டி பதறிப்போய், “என்ன ஹேமா, வேலைய விட்டுத் தூக்கிட்டாகளா?” என்றான்.

“இல்லைங்க. நல்லா வேலை பாத்தேனாம். பெங்களூருக்குக் கூப்புடுறாக.”