நிமையட்டி அய்யங்கார்

செவ்வாய்க்கிழமை காலை அக்ரஹாரத்து ஓட்டலில் இரண்டாவது காபியில் வாய் வைத்தபோது எங்கள் சர்க்கார் கச்சேரிச் சேவகன் முனிசாமி வந்து நின்றான். "சாமி, நம்ம அய்யங்காரு தவறிப்போயிட்டாருங்க" என்றான். காபி ஆறிப்போயிற்று. நான் காபியை ஆறவிடுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

திருநாராயணய்யங்காரும் நானும் வெகுகாலம் அடுத்தடுத்த மேஜை. மேலுக்கோட்டைக் குடும்பம். இங்கிலாந்துக்காரர்களே கைவிட்ட ஆங்கிலச் சொற்களை எடுத்து வளர்ப்பார். அவற்றில் செல்லப்பிள்ளை 'நிமையட்டி'. மிதமிஞ்சி இருப்பது என்று பொருள். "கண்ட எடத்துல போடப்படாது ஓய். சர்க்கரைப் பொங்கல்ல நெய் கூடினா அது நிமையட்டி இல்லே. உம்ம பேச்சு கூடினா நிமையட்டி. கூடினது திகட்டணும்" என்று எனக்கு விளக்கினார்.

நம் சமஸ்தானத்துக் கச்சேரிகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எதிராளியின் ஆங்கிலம் புரியாவிட்டால் அர்த்தம் கேட்கக்கூடாது, தலையாட்ட வேண்டும். நான் அப்படியே தலையாட்டி ஹெட் கிளார்க் ஆனவன்.

ஒரு வருஷம் சிக்கனம் என்று ஆட்குறைப்பு வந்தது. சேவகர்கள் அதிகமா என்று பார்க்க, லண்டன் போய்வந்த புது சூப்பரின்டெண்ட் வருவதாகத் தகவல். அதிகம்தான். என் குடையைத் தூக்க ஒருவன், விரிக்க இன்னொருவன். முனிசாமி எங்கள் மேஜைக்கு வந்தான். "எங்களை ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்களாமுங்க. கொள்ளேகாலத்துல மழையே இல்லீங்க. போயி என்னத்தைத் திங்கறது?"

மறுநாள் சூப்பரின்டெண்ட், இங்கே சேவகர்கள் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். அய்யங்கார் நிமிர்ந்து நின்று, "பூரண நிமையட்டி, சார்" என்றார். சூப்பரின்டெண்ட் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அர்த்தம் தெரிந்து நான் தலையாட்டிய ஒரே தடவை அதுதான்.

"ரொம்பச் சந்தோஷம். அப்படியே நீடிக்கட்டும்" என்று அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒரு சேவகனும் ஊருக்குப் போகவில்லை.

"அவரை ஏமாத்திட்டீரே ஓய்!" என்றேன்.

"எது ஏமாத்து? உள்ளதைத்தானே சொன்னேன். அர்த்தம் கேட்டா அதையும் சொல்லியிருப்பேன். கேக்கமாட்டார்னு அவர்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"ஒருவேளை கேட்டிருந்தா?"

"முதல் நிமையட்டி நான்தான், என்னை எடுத்துட்டு அவாளை விடுங்கோன்னிருப்பேன்."

பென்ஷனை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனிதர். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான். என் வாயில் அது வராது; எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இத்தனை காலம் நான் வேலை பார்த்தேன்.