ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம்

புது ரோடு போட்டால் மக்களுக்கு என்ன நன்மை என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு, ஒரு கன்சல்டன்சியில் ஃபீல்டு சூப்பர்வைசராகப் பல வருஷம் ஓட்டினேன். ரோடு வருவதற்கு முன் ஊர் ஊராகப் போய் எடுப்பது பேஸ்லைன் சர்வே. வந்த பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போய் எடுப்பது இம்பாக்ட் ஸ்டடி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்டெல்லாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. சர்ச் வாசலில்

கலவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எக்ஸ்பிரஸ்வே அந்த ஊருக்கும் அதன் வயல்களுக்கும் நடுவே போவதாக பிளான். சர்ச் வாசலில் கூட்டம் போட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. "ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல, கெளம்புங்க" என்று ஒருவர் எழுந்தேவிட்டார்.

அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் ஸ்டெல்லா. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை. கம்பெனியில் போடும் யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ இன்னா ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வேலூரு போறதுக்குள்ள வண்டியிலயே போய்ட்டாரு. நல்ல ரோடு வந்தா நமக்குத்தானே நல்லது? கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க."

கூட்டம் இளகியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் கணவர் தேவராஜ் சிரித்தார். "எங்க வீட்ல அவங்கதான் கலெக்டர், சார்."

தேவராஜ் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். நிலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதைக் கேட்டேன்.

"ரோட்டுக்குக் கீழ அண்டர்பாஸ் வுடறாங்களாம். கொஞ்சம் சுத்திக்கினு போகணும். அவ்ளோதானே" என்றார். கிளம்பும்போது எங்கள் ஜீப்பில் பச்சை வேர்க்கடலையைச் செடியோடு பிடுங்கிப் போட்டார்.

2. மறுபடி அதே வீடு

ரோடு வந்தது. நன்மையும் வந்தது; அதை மறைக்க மாட்டேன். வண்டிகள் ரோட்டில் ஏறி இறங்கும் இன்டர்சேஞ்ச் பக்கத்தில் புதிதாக ஒரு தையல் யூனிட் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள். காய்கறி வாடுவதற்குள் வண்டிகள் சென்னை போய்ச் சேர்ந்தன.

ஸ்டெல்லா வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் தேவராஜின் படம். மாலை போட்டிருந்தது. என்னோடு வந்த சர்வே எடுக்கும் பெண் கவிதா, டேப்லெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒக்காருங்க சார்" என்று ஸ்டெல்லாவே சொன்னார்.

நடந்ததைச் சொன்னார். மழைக்காலம். அண்டர்பாஸில் இடுப்பளவு தண்ணீர். வயலில் நாற்று முழுகிக்கொண்டிருந்தது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு வருகிறேன் என்று கம்பி வேலியைத் தாண்டி ரோட்டில் ஏறியிருக்கிறார் தேவராஜ். மழையில் வந்த கார் அவரைப் பார்க்கவில்லை.

"கார்காரரும் பாவம் சார். அழுதுக்கினே நின்னாரு."

"வேணாங்க்கா, இன்னொரு நாள் வர்றோம்" என்றாள் கவிதா.

"கேளும்மா. எனக்கு அப்புறம் லீவு கெடைக்காது."

கவிதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் முன்னைவிடக் குறைந்திருக்கிறதா என்ற கேள்வி வந்தது. கவிதா அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டார்.

"கொறைஞ்சிருக்கு. அந்த ரோட்லதான் ஆம்புலன்ஸ் போச்சு. சீக்கிரம் போய்ட்டோம். ரெண்டு நாள் உசுரோட இருந்தாரு, எங்கிட்ட பேசினாரு. எங்க அப்பாவுக்கு அதுகூட இல்ல. கொறைஞ்சிருக்குன்னே போடு."

கவிதாவால் திரையைப் பார்க்க முடியவில்லை. நான் வாங்கி அழுத்தினேன்.

வாசல்வரை வந்த ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டார்: "சார், அன்னிக்கு நான் பேசாம இருந்திருந்தா?"

"நீங்க பேசலைன்னாலும் ரோடு வந்திருக்கும்மா."

உண்மைதான். ஆனாலும் அது அவருக்கு ஆறுதலாக இல்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

3. ஆபீஸில்

எங்கள் டீம் லீடர் கெட்டவர் இல்லை. "ஒரு வீட்டை வெச்சு ரிப்போர்ட்டை மாத்த முடியாது சார். மொத்தத்துல நன்மைதானே ஜாஸ்தி?" என்றார்.

"நன்மை இல்லைன்னு நான் சொல்லலை. ரெண்டும் ஒரே வீட்ல இருக்கு. ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிக்க முடியலை" என்றேன்.

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வயலிலிருந்து துண்டான ஊர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதச் சொன்னார். நடைமேம்பாலம் வேண்டும் என்று எழுதினேன். ஊர்க்காரர்களும் மனு கொடுத்தார்கள். லீவு போட்டு நானும் கூடப் போனேன். அண்டர்பாஸில் தண்ணீர் இறைக்க மோட்டார் வைத்தார்கள். பாலம் இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா குத்தகையை விட்டுவிட்டார். அந்த நிலத்தில் இப்போது சீமைக்கருவேலம் நிற்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரோட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கேட்பதற்கு முன், "உங்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எதையும் அழுத்தாதீர்கள்.

என் மகன் சென்னையில் இருக்கிறான். அவனைப் பார்க்க அந்த ரோட்டில்தான் போகிறேன். நல்ல ரோடு, உடம்பு அலுங்குவதில்லை. அந்த ஊர் வரும்போது ஒரு நிமிஷம் இறங்கி நிற்கத் தோன்றும். ஆனால் எக்ஸ்பிரஸ்வேயில் வண்டியை நிறுத்தக் கூடாது.