இடைவேளை விளக்கு

கிழக்கேகோட்டையில் இன்று மழைக்கு ஒதுங்கிய துணிக்கடை வாசலில் நனைந்த கயிற்று மிதியடியின் வாடை வந்தது. அந்தக் கடை இருக்கும் இடத்தில்தான் முன்பு தமிழ்ப் படம் ஓடும் கொட்டகை இருந்தது. மழைக்காலம் முழுக்க அதன் வாசலும் இப்படித்தான் நாறும்.

அன்று ஒருநாள், சிறுமியான என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு சித்தி மதியக்காட்சிக்கு வந்திருந்தாள். அவளுக்கு மறுபக்கம், அவளோடு வேலை பார்க்கும், விதுரா ஊரைச் சேர்ந்த மலையாளி இளைஞர். திரையில், பட்டணத்துக்காரனோடு போன மகளைத் தேடிக் கிராமத்து அப்பன் அரிவாளோடு வர, கொட்டகையே விசிலடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, இரண்டு வரிசை முன்னால் பழகிய இருமல் கேட்டது.

"சித்தி, அப்பா!"

"மிண்டாதே மக்கா," என்று என் வாயைப் பொத்தினாள். இடைவேளை வரும், விளக்கு எரியும் என்ற நினைப்போடு, மின்விசிறிகளின் கடகடப்பைக் கேட்டபடி, படம் நிற்கவே கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்தது. அப்பா திரும்பினார். மூவரையும் பார்த்தார். பிறகு வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

படம் முடிந்ததும் அந்த இளைஞர் வேறு வழியாகப் போய்விட்டார். கரமனையில் வீடு வரை அப்பா முன்னால் நடக்க, நானும் சித்தியும் பின்னால் நடந்தோம்.

"எங்க போயிருந்தீய?" என்றாள் அம்மா.

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்.

"மூணு பேருமா சினிமாவுக்குப் போனோம். உன் தங்கச்சிக்கு ஒரு பையனப் பாத்தேன், விசாரிக்கணும்."